எறும்பு தூக்கிப்போன வயிறு

கிளிசரின் ஊற்றி வைத்திருந்த கண்ணாடிக் குழியைச் சுற்றி எறும்புகள் நின்றிருந்தன.

பதினைந்து இருபது இருக்கும். பொடி எறும்பு. நுண்ணோக்கியின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவை கிளிசரினில் வாய் வைத்து, பந்தியில் உட்கார்ந்தவர்களைப் போல நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தன. நடுவில் இருக்க வேண்டியதைக் காணவில்லை.

இருக்க வேண்டியது ஒரு பூச்சியின் வயிற்று நுனி. கடுகில் பாதி அளவு. அந்த இனத்தில் ஆண் என்று இந்த உலகத்தில் என் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

பத்து நிமிடம்தான் வெளியே போயிருந்தேன். செய்முறைத் தேர்வு மதிப்பெண் பட்டியலில் ஒரு கையெழுத்து விட்டுப்போய்விட்டது என்று அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வந்துவிடலாம் என்ற நினைப்பில் குழியை மூடாமல் எழுந்து போனேன். "மூடி வைக்காமல் எழுந்திரிக்காதே" என்று எத்தனை மாணவிகளைத் திட்டியிருப்பேன்! கிளிசரின் இனிக்கும். அது எனக்குத் தெரியும். எறும்புக்கும் தெரிந்திருந்தது.

மின்விசிறியை நிறுத்தினேன். எறும்பு வரிசை மேசைக் காலில் இறங்கி, சுவரோரமாகப் போய், ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசலுக்குள் நுழைந்தது. முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். ஊசியால் விரிசலைக் கிளறினேன். காரை உதிர்ந்தது. எறும்பு முட்டை வந்தது. யாரோ தின்ற பிஸ்கட்டின் தூள் வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொரு தூளாகப் புரட்டினேன்.

நான் அழவில்லை. கண் மங்கினால் தேட முடியாதே என்பதுதான் காரணம்.

மாலை கல்லூரி மணி அடித்து, எல்லோரும் போய், காவலாளி வந்து கதவைத் தட்டும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

கல்லுச்சட்டை

நான் பூச்சி ஆராய்ச்சி செய்கிறவள் என்று சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கரப்பான் பூச்சியை ஒழிக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். மன்னிக்க வேண்டும். என் பூச்சி வேறு.

அதை கேடிஸ் என்போம். எல்லோரும் ஒத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் இன்னும் அதற்கு இல்லை. வளர்ந்த பூச்சியைப் பார்த்தால் சின்ன விட்டில் பூச்சி என்று நினைப்பீர்கள். மங்கிய பழுப்பு நிறம். இறக்கை முழுக்க மெல்லிய மயிர். உடம்பை விட நீளமான இரண்டு உணர்கொம்புகள். யாரும் திரும்பிப் பார்க்கிற அழகெல்லாம் கிடையாது.

புழுப் பருவத்தில்தான் விசேஷம். அந்தப் புழு தண்ணீருக்குள் இருக்கும். வாயிலிருந்து பட்டு நூலை விட்டு, மணலை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கி ஒட்டி, தனக்கு ஒரு குழாய் கட்டிக்கொள்ளும். அந்தக் குழாயை இழுத்துக்கொண்டே நடக்கும். தலையும் ஆறு காலும் மட்டும் வெளியே.

மேலூரைத் தாண்டி ஒரு பாறைக் குன்றின் அடியில் மாணவிகளோடு தண்ணீர் மாதிரி எடுக்கப் போயிருந்தபோதுதான் இதை முதலில் பார்த்தேன். பாறை இடுக்கிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்து ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. பள்ளத்தின் தரையில் மணல் நடந்துகொண்டிருந்தது. நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு, பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள்:

"அது கல்லுச்சட்டை டீச்சர். கடிக்காது."

அவள்தான் பாண்டியம்மாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. இப்போது குன்றுக்குக் கீழே அவளுக்கும் அவள் கணவருக்கும் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அந்தச் சுனைக்குப் பேர் ஈச்சஞ்சுனை என்றும் அவள்தான் சொன்னாள்.

"ஈச்ச மரம் ஒண்ணையும் காணோமே?"

"எங்க தாத்தன் காலத்துலயே இல்ல. பேரு மட்டும் இருக்கு."

அன்றிலிருந்து அந்தச் சுனைக்கு மூன்று வருடம் போய் வந்திருக்கிறேன். ஒரு மார்கழி மாலை, மஃரிப் நேரத்தில், வெள்ளைத் துணியைக் கட்டி அதன் முன்னால் விளக்கை வைத்துக் காத்திருந்தபோது நான்கு பூச்சிகள் வந்து துணியில் உட்கார்ந்தன. மூன்று பெண். ஒரு ஆண்.

அந்த ஆணின் வயிறுதான் எறும்போடு போனது.

வயிற்று நுனியில் என்ன இருக்கிறது

கேடிஸ் பூச்சிகளில் பல இனங்கள் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இறக்கையையோ நிறத்தையோ வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆணின் வயிற்று நுனியில், இனச்சேர்க்கைக்கான உறுப்புகள் இருக்கும் இடத்தில்தான் இனத்துக்கு இனம் வித்தியாசம் தெரியும். பற்றிக்கொள்ளும் கொடுக்கு, மேலே ஒரு மடல், உள்ளே முட்கள். ஒவ்வொரு இனத்திலும் அவற்றின் வடிவம் வேறு.

அதனால் வயிற்று நுனியைத் தனியாக வெட்டி எடுத்து, பொட்டாஷ் கரைசலில் இளஞ்சூட்டில் வைப்போம். சதை கரைந்துபோகும். கண்ணாடி போல ஓடு மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரினில் போட்டு பக்கவாட்டில், மேலிருந்து, கீழிருந்து என்று மூன்று கோணத்தில் வரைய வேண்டும். நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடி இணைப்பு உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் பூச்சியும் தாளும் பென்சில் நுனியும் ஒன்றாகத் தெரியும். தெரிகிற கோட்டின் மேலேயே கோடு இழுக்கலாம்.

ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். எறும்பு வந்ததற்கு முந்தைய வருடம் வேறொரு கேடிஸின் படத்தை வரைந்து வீட்டில் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தேன். என் நாத்தனார் மகள் வந்து பார்த்துவிட்டு, "மாமி, இந்த டிசைன் சூப்பரா இருக்கே" என்று ஃபோனில் படம் பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் ஒரு நிக்காஹ். மஹாலில் என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.

"உங்க டிசைன்தான் மாமி! எல்லாரும் எங்க போட்டன்னு கேக்குறாங்க."

பூச்சியின் ஆண் உறுப்பு, முள்ளும் கொடுக்குமாக, கொஞ்சமும் பிசகாமல் அவள் கையில் இருந்தது. "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு நேராகப் பந்திக்குப் போய்விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈச்சஞ்சுனை ஆணின் பக்கவாட்டுப் படத்தை முடித்திருந்தேன். உள்ளே இருந்த முள் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. இதுவரை எழுதப்பட்ட எந்த இனத்திலும் அப்படி இல்லை. எறும்பு வந்த அன்று மேலிருந்து தெரியும் படத்தைத் தொடங்க வேண்டும். குழிக்குள் அதைத் திருப்பி வைத்து, ஒரு முறை பார்த்து, தாளை ஒட்டினேன். அப்போதுதான் ஃபோன் வந்தது.

"யாரும்மா செக் பண்ணப் போறா?"

எங்கள் துறைத் தலைவர் இன்னாசி சார் நல்லவர். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு நுண்ணோக்கி வாங்கிக் கொடுப்பதற்காக நிர்வாகத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவர். அந்த வருடம் கல்லூரியைத் தர மதிப்பீடு செய்ய ஒரு குழு வரவிருந்தது. எங்கள் துறையிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரையாவது காட்ட வேண்டும் என்ற கவலையில் அவர் இளைத்தே போயிருந்தார்.

மறுநாள் காலை விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரெக்கை இருக்குல்ல? தலை இருக்குல்ல?"

"எல்லாம் இருக்கு சார். வயிறு மட்டும்தான் இல்ல."

"சைடு படம் முடிச்சிட்டீங்க. மேலேருந்தும் பாத்திருக்கீங்க."

"ஒரே ஒரு தடவதான் பாத்தேன் சார்."

"பாத்தீங்கள்ல? மனசுல இருக்கும்ல? அத வரைங்க நூர்ஜஹான். இல்லாத ஒண்ணையா வரையப் போறீங்க? இருந்துச்சு, பாத்தீங்க, வரையிறீங்க. அம்புட்டுத்தான்."

நான் எழுந்தேன். அவர் விடவில்லை.

"இந்தப் பூச்சியோட வயித்த இந்த உலகத்துல யாரும்மா செக் பண்ணப் போறா?"

அவர் சொன்னது உண்மைதான். இந்த வகைப் பூச்சிகளை ஊன்றிப் பார்க்கிறவர்கள் இந்த நாட்டில் ஒரு ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள். அவர்களில் யாரும் ஈச்சஞ்சுனைக்கு வரப்போவதில்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அன்று மாலை விளாங்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதை வரைந்தேன். ஆமாம், நினைவிலிருந்துதான். கை தடுமாறவே இல்லை. பக்கவாட்டில் பார்த்த பிளவு மேலிருந்து எப்படித் தெரியும் என்று யோசித்து, நடுவில் ஒரு முள்ளும் அதன் நுனியில் கவட்டை போல இரண்டு பிரிவுமாக வரைந்தேன். இடமும் வலமும் அச்சு மாறாமல் அமைந்தது. நான் வரைந்த படங்களிலேயே அதுதான் சுத்தமான படம்.

என் கணவர் சிக்கந்தர் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வேலை முடிந்து வந்தவர் மேசைக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"முடிச்சிட்டியா நூரு? அழகா வந்திருக்கே."

படத்தை எடுத்து இழுப்பறையில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

என் அத்தா பழைய ஊருக்குள் ஒரு சந்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கண் பரிசோதனைக்கு எழுத்துப் பலகை ஒன்று சுவரில் தொங்கும். வரிசையில் காத்திருக்கிறவர்கள் முன்னால் இருப்பவர் படிப்பதைக் கேட்டுக்கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார்கள். தங்கள் முறை வந்ததும் கடைசி வரியைக் கூடக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று பேர் வாங்குவதில் அப்படி ஒரு ஆசை. பள்ளிவாசலில் ஓதுகிற ஒரு பெரியவர் அப்படி ஒப்பித்துவிட்டு, தனக்கு ஆகாத கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய், மறுநாள் நெற்றியில் கட்டோடு வந்தார். அத்தா அன்றைக்கே வேறு எழுத்துகளோடு இரண்டாவதாக ஒரு பலகை வாங்கி மாட்டினார். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்தப் பெரியவரின் நெற்றிக் கட்டு அன்று ஏனோ திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

காலையில் இன்னாசி சாரிடம் போய் நின்றேன்.

"எனக்கு இன்னொரு ஆண் வேணும் சார்."

"கமிட்டி வர்றதுக்குள்ள கிடைச்சிருமா?"

"தெரியாது சார்."

"கிடைக்கலன்னா?"

"அடுத்த மழைக்குப் போவேன். அதுலயும் கிடைக்கலன்னா அதுக்கடுத்த மழைக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வருத்தம்தான்.

பங்குனி வெயில்

பூச்சி பறப்பது மழைக்குப் பின்னால், சுனையில் தண்ணீர் ஓடும் மாதங்களில். நான் தேடப் புறப்பட்டது பங்குனியில்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூர். அங்கிருந்து மினி பஸ். இறங்கி அரை மணி நேர நடை. கல் லாரிகள் கிளப்பிவிட்டுப்போன தூசி முக்காட்டில் வெள்ளையாகப் படியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் போக முடிந்தது.

முதல் ஞாயிறு பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. இரண்டாவது ஞாயிறு உள்ளங்கை அளவு. வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கை வைத்தால் கொசு வந்தது, விட்டில் வந்தது, ஒரு பச்சை வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்து போகவே மாட்டேன் என்றது. கேடிஸ் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, நடமாடிக்கொண்டிருந்த மணல் குழாய்களும் நின்றுவிட்டன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். உள்ளே புழு காய்ந்து சருகாக இருந்தது.

"இனி புரட்டாசி தாண்டித்தான் போல," என்றார் சிக்கந்தர்.

"அடுத்த ஞாயிறும் போறேன்."

"தண்ணியே இல்லங்கிற."

"ஈரம் இருக்குங்க."

நான்காவது ஞாயிறு பாண்டியம்மாள் பாறை நிழலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினாள்.

"நடக்கிறதெல்லாம் செத்துப்போச்சு டீச்சர். ஒட்டிக்கிட்டு இருக்கது மட்டுந்தான் இருக்கு. அது ஒங்களுக்கு ஆகுமா?"

"எது ஒட்டிக்கிட்டு இருக்கு?"

"இந்தா, இந்தக் கல்லுக்கு அடியில. தீட்டுறப்ப ஆடுச்சேன்னு பொரட்டிப் பாத்துட்டு மறுபடி வச்சேன்."

பாறை வெடிப்பிலிருந்து கசிந்துகொண்டிருந்த கடைசி ஈரம் அந்தக் கல்லுக்கு அடியில்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கல்லைத் தூக்கினோம். அடிப்பக்கத்தில் மணல் குழாய்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. இரண்டு முனையும் பட்டு நூலால் அடைத்திருந்தது. எண்ணினேன். ஒன்பது.

மூன்று வருடமாக நடக்கிற குழாயைத் தேடித்தேடிப் பார்த்த எனக்கு, நிற்கிற குழாயைத் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. புழு வளர்ந்து முடிந்ததும் குழாயைக் கல்லோடு ஒட்டி, கதவை அடைத்துக்கொண்டு, உள்ளே உருமாறும். பாடத்தில் நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல்லைப் புரட்டியது பாண்டியம்மாள்தான்.

"ஆகும் பாண்டியம்மா," என்றேன். "இதவிட வேற ஒண்ணுமே வேணாம்."

"அப்ப அழுகாம எடுங்க. நேரமாகுது, வெயில் ஏறுதுல்ல."

கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

டிபன் பாக்ஸில் ஈரப் பாசியைப் பரப்பி ஒன்பதையும் அதன் மேல் வைத்து, நனைத்த துணியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நடத்துநர் டிபன் பாக்ஸிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தார்.

"என்னக்கா, மீனா?"

"இல்லண்ணே, பூச்சி."

அவர் மதுரை வரும்வரை என் பக்கம் வரவில்லை.

தொட்டியும் தம்ளரும்

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சுனைத் தண்ணீரும் மணலும் போட்டு, மீன் தொட்டிக்கான காற்று மோட்டாரைப் பொருத்தினேன். மேலே சோறு மூடுகிற வலைக்கூடை.

பொறுக்க முடியாமல் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது பால் நிறத்தில் இன்னும் வடிவம் கூடாமல் இருந்தது. அவசரப்பட்டு ஒன்றைக் கொன்றுவிட்டேன். இரண்டாவது ஏற்கெனவே அழுகியிருந்தது. மீதம் ஏழு. பூச்சிகள் வெளியே வரத் தொடங்கும்வரை இனித் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. பராமரிப்பு வேலை, மாலைதான் வரும் என்றார்கள். மோட்டார் நின்றது. ஓட்டத்தில் வாழ்கிற பூச்சி, தேங்கின தண்ணீரில் மூச்சு முட்டிவிடும். தம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. சிக்கந்தர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்தார்.

"தள்ளு. நான் ஊத்துறேன். நீ போயி அரிசியப் போடு."

"உயரமா ஊத்துங்க. நுரை வரணும்."

"தெரியுது, தெரியுது. டீக்கடையில பாத்ததில்லையா?"

மாறி மாறி ஊற்றினோம். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்துத்தான் மோட்டார் மறுபடி குமிழ் விட்டது. அன்று எங்கள் வீட்டில் தயிர் சோறுதான்.

இரண்டு நாள் கழித்து, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், முதல் பூச்சி மேலே வந்தது. தண்ணீரிலிருந்து ஒரு குச்சியில் ஏறி, முதுகு பிளந்து, ஈர இறக்கையோடு வெளியே வந்து வலையைப் பிடித்துக்கொண்டது. பெண். அடுத்த நாள் இரண்டு. இரண்டும் பெண். சிக்கந்தருக்கே பொறுமை போய்விட்டது. "என்ன நூரு, மகளிர் கல்லூரியா?" என்றார்.

நான்காவது ஆண்.

வலைக்குள் அது தன் உணர்கொம்புகளை ஒவ்வொன்றாக முன்காலால் இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லுக்கு அடியில் கடைசி ஈரத்தில் தப்பி, மேலூர் மினி பஸ்ஸில் தப்பி, கரண்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் தப்பி வந்தது. இதை நான் ஆல்கஹாலில் போட வேண்டும். இது பழகிப்போகும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிப் போட்டேன்.

அந்த வாரத்துக்குள் இன்னும் ஒரு ஆண் வந்தது. மற்றொரு குழாயைச் சரியான நேரத்தில் திறந்தபோது, வெளியே வரத் தயாராக மூன்றாவது ஆண் உள்ளே இருந்தது. குழாயின் அடியில் அது புழுவாக இருந்தபோது கழற்றிப்போட்ட தோலும் கிடந்தது. சுனையில் நடந்த புழுவும் துணியில் உட்கார்ந்த பூச்சியும் ஒரே இனம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டு முள்

இந்த முறை குழியை மூடிக்கொண்டே வேலை செய்தேன். மேசையின் நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினேன். ஃபோனை அணைத்தேன்.

பக்கவாட்டுப் பார்வை பழைய படத்தோடு பொருந்தியது. அதே பிளவு. பிறகு மெல்லத் திருப்பி, மேலிருந்து பார்த்தேன்.

பிளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

இருந்தது இரண்டு முட்கள். தனித்தனியாக, வேறு வேறு இடத்திலிருந்து முளைத்தவை. இடதுபக்க முள் நீளம். அது வளைந்து வலதுபக்க முள்ளின் மேல் குறுக்காகப் போயிருந்தது. பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, ஒரே முள் பிளந்தது போலத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது ஆணைப் பார்த்தேன். அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

வீட்டுக்குப் போய் இழுப்பறையைத் திறந்து அந்தச் சுத்தமான படத்தை எடுத்தேன். நடுவில் ஒரு முள், இடமும் வலமும் அச்சு மாறாமல். அப்படி ஒரு பூச்சி எங்கேயும் இல்லை. அதை அனுப்பியிருந்தால் அச்சாகியிருக்கும். என் பெயரோடு நின்றிருக்கும். பின்னால் வருகிற யாரோ ஒருத்தி ஈச்சஞ்சுனையில் உண்மையான பூச்சியைப் பிடித்து, என் படத்தோடு ஒத்துப்பார்த்து, இது வேறு இனம் என்று நினைத்திருப்பாள்.

இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு போய் இன்னாசி சார் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது எது என்று சொன்னேன். அதற்குள் மதிப்பீட்டுக் குழு வந்து போய்விட்டது. ஆய்வுக் கட்டுரை என்ற இடத்தில் எங்கள் துறைக்கு ஒன்றும் இல்லை. அதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. வெகுநேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நான்தான உங்கள வரையச் சொன்னேன்," என்றார்.

"வரைஞ்சது நான் சார்."

அவர் பழைய படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதக் கிழிச்சிராதீங்க. பிள்ளைகளுக்குக் காட்டுங்க."

முழுப் பேர்

கட்டுரை எழுதி, திருத்தி, மறுபடி திருத்தி அனுப்பி, அச்சாக ஏழெட்டு மாதம் ஆனது. பேர் வைக்கும் இடத்தில் எனக்கு ஒரு ஆசை இருந்தது. பாண்டியம்மாளிடம் ஃபோனில் சொன்னேன்.

"உன் பேர வைக்கட்டுமா?"

"பூச்சிக்கா? ஐயய்ய, வேணாம் டீச்சர். சுனைக்குப் பேரு இருக்குல்ல, அத வைங்க."

அதையே வைத்தேன். ஈச்சஞ்சுனையென்சிஸ். சிக்கந்தர் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "மருந்து பேரு மாதிரி இருக்கு" என்றார்.

ஆனால் மாதிரிகளோடு வைக்கிற சீட்டு என்று ஒன்று உண்டு. நகக்கண் அகலத் தாளில் இடம், நாள், சேகரித்தவர் பெயர் எழுத வேண்டும். அதில் பாண்டியம்மாள் என்று முழுப் பேராக எழுதினேன். கட்டுரையிலும் அப்படியே.

அச்சான தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல மழைக்காலம். சுனை நிரம்பி வழிந்தது. பாறையில் உட்கார்ந்து அவள் பெயருக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினேன். ஆங்கில எழுத்து அவளுக்கு வாசிக்க வராது. விரல் இருந்த இடத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது எம்பேரா? சுனைப் பேரு எங்க இருக்கு?"

காட்டினேன்.

"ஊத்து இருக்குன்னு எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு. வருஷம் முழுக்க ஈரம் இருக்கிற ஊத்துன்னு எழுதியிருக்கு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இன்னொரு காப்பி கிடைக்குமா டீச்சர்?"

அப்போதுதான் சொன்னாள். சுனைக்குக் கீழே ஒரு சின்னத் தடுப்பு கட்டினால் தண்ணீர் தரையில் இறங்கி, அவளோடு சேர்த்து நான்கைந்து வீட்டு நிலத்துக்கு ஆகும். பல வருடமாக மனு கொடுக்கிறாள். அரசுக் கணக்கில் அந்த இடம் வெறும் பாறை, அங்கே நீர் ஆதாரம் எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். மூன்று வருடத்துக்கு மேலாக நான் அங்கே போய் வந்துகொண்டிருக்கிறேன். இதை அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. என் கண் முழுக்க மணல் குழாய் மேல்தான் இருந்திருக்கிறது.

"இப்பவே போவோம் வா," என்றேன்.

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்தோம். மனுவை நான் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். தாலுகா அலுவலகத்தில் இருந்தவர் தாள்களைப் புரட்டினார்.

"என்னம்மா இது, பூச்சிப் படமா இருக்கு?"

"ஆமா சார். எங்க சுனையில இருக்க பூச்சி."

"பூச்சி இருந்தா?"

"தண்ணிக்குள்ள இருக்க பூச்சி சார் அது. தண்ணி இல்லாம எப்புடி சார் இருக்கும்?"

அவர் ஒரு பக்கத்தில் நிறுத்தி, அந்த இரண்டு முள் படத்தைச் சுட்டி, "இது என்ன?" என்றார். பாண்டியம்மாள் என்னைப் பார்த்தாள். "உடம்போட ஒரு பகுதி சார்," என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

தடுப்பு இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதமே நில அளவை செய்கிறவர் ஒருவர் வந்தார். பாண்டியம்மாள் எனக்கும் ஃபோன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். அவர் பாறையைச் சுற்றி வந்தார், கசியும் இடத்தைப் பார்த்தார், கை வைத்துப் பார்த்தார். பள்ளத்தைத் தாண்டும்போது கால் வழுக்கி ஷூவோடு தண்ணீருக்குள் நின்றார். அங்கே நின்றபடியே நோட்டைத் திறந்தார்.

"இந்த இடத்துக்குப் பேரு ஏதும் இருக்காம்மா?"

"ஈச்சஞ்சுனை," என்றாள் பாண்டியம்மாள்.

பிறகு அவர் பக்கத்தில் போய், அந்தப் பேரை அவர் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகராமல் நின்றாள்.